ஒரு சொட்டு எண்ணெய்

"அண்ணா, இந்த வீல்சேர் கிறீச்சு கிறீச்சுன்னு கத்துறதுல வார்டே தூங்கல" என்றாள் நர்ஸ் ஜெயப்ரியா.

ஆஸ்பத்திரி மெக்கானிக் திருமலை எண்ணெய்க் குப்பியை எடுத்ததும், வண்டியில் இருந்த வெங்கடப்பன் பதறி அவன் கையைத் தட்டிவிட்டார். பக்கவாதத்தில் பேச்சு போன மனிதர்.

"பயப்படாதீங்க பெரியவரே, ஒண்ணும் ஆவாது."

மறுபடியும் தட்டினார். திருமலை விடாப்பிடியாக எண்ணெய் போட்டான். சக்கரம் முனகல்கூட இல்லாமல் ஓடியது. பெருமையோடு அவரை வராந்தாவுக்குத் தள்ளிவந்து, பெஞ்சில் காத்திருந்த அவர் மனைவி சரோஜம்மாளுக்கு எதிரே நிறுத்தினான்.

அவள் முகம் வார்டு வாசல் பக்கமே திரும்பியிருந்தது.

"யாரு, மெக்கானிக் தம்பியா? எங்க வீட்டுக்காரரு வண்டிச் சத்தத்தையே காணமே! அவர எங்க கொண்டு போயிட்டீங்க?" என்று பெஞ்சடியில் கிடந்த வெள்ளைக் கோலைத் தடவித் தேடினாள்.

எதிரிலேயே இருந்த வெங்கடப்பன் வாயைத் திறந்து திறந்து மூடினார்.