இன்னா கொழம்பு?

புயல் ஓய்ந்து நான்கு நாளாகியும் கடலூர் முகாமின் காணாமல் போனோர் பட்டியலில் புகழேந்தியின் பெயர் ஏறவில்லை. புயல் அடித்த திங்கட்கிழமை ஐஸ் ஆலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை என்று அவர் மனைவி அமுதவல்லி தினமும் வந்து சொன்னாள்.

"போன்ல கூப்பிட்டா அவரு பேசுறாரேக்கா. பேசுறவங்களைத் தேட படகு போகாது," என்றாள் பெயர் பதியும் பெண்.

"அது அவரு இல்லம்மா. அவரு வேலையா இருந்தா அவரு கொரல்ல பதில் சொல்ற மெஷினு."

"அப்ப நிறுத்திடுங்க. இன்னிக்கே தேடுவாங்க. ஆனா அந்தக் குரல் அழிஞ்சிடும், திரும்ப வராது."

அமுதவல்லி முகாமில் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவரை அழைத்தாள்.

"சாப்ட்டியா? இன்னா கொழம்பு?" என்றது குரல்.

"சாம்பாரு."

"இன்னிக்குமா? பக்கத்துல கடலு இருக்க, மீனை வுட்டுட்டு பருப்பைத் தின்னுறியே! சரி, ஆறிடப் போவுது, தின்னு."

அவள் கடைசிப் பருக்கைவரை தின்றாள். குரல் ஏதோ பேசிக்கொண்டே இருந்தது. கை கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு, நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

"கடைசியா அவரோட எப்பப் பேசினீங்க?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டாள் அந்தப் பெண்.

"திங்கக்கெழம காலைல," என்றாள் அமுதவல்லி.