கடைசி பெஞ்ச்

"அந்தப் பொண்ணைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புங்க மிஸ்."

அரூர் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு அறைக்குள் நுழையும்போதே தேவிப்பிரியா சொல்லிவிட்டாள். பிள்ளைகள் கிரவுண்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சயின்ஸ் டீச்சர் அமுதவல்லி நிமிர்ந்தாள். "எந்தப் பொண்ணுங்க?"

"சித்தேரியிலேருந்து வர்றாளே, கலைமதி. என் பொண்ணு கவிப்பிரியாவைப் பார்த்து எழுதறா. ஃபார்முலா டெஸ்ட்ல கவிக்கு மூணு தப்பு. அதே மூணுதான் அவளுக்கும் தப்பாம். ரைட்டு எல்லாருக்கும் ஒண்ணா இருக்கும். தப்பு எப்படிங்க ஒண்ணா இருக்கும்?"

டீச்சருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. "பார்த்து எழுதியிருந்தா அவளுக்கு முட்டைதாங்க."

"போடுங்க. வேலையெல்லாம் முடிச்சிட்டு வூட்டுல நான் ஒக்காந்து சொல்லிக் குடுக்கறேன். இவ நோகாம நொங்கு திங்கறா."

கலைமதியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"டெஸ்ட்ல வந்த கால்சியம் ஆக்சைடு. போர்டுல எழுது."

Ca, O என்று எழுதினாள். இதன் இணைதிறனை அதற்கும், அதன் இணைதிறனை இதற்குமாகப் போட்டாள். Ca₂O₂.

பக்கத்தில் பார்த்து எழுத யாரும் இல்லை.

"யாரும்மா இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"கவிதான் மிஸ். சாயங்காலம் எங்க ஊரு பஸ் வர்ற வரைக்கும் ஸ்டாண்டுல கூடவே இருப்பா. வூட்டுல அவளுக்குச் சொல்லித் தர்றதை அப்படியே எனக்குச் சொல்லிக் குடுப்பா."

"ஓகோ. ஸ்பெஷல் கிளாஸ்னு சொன்னது இதுதானா" என்று முணுமுணுத்த தேவிப்பிரியா போர்டைப் பார்த்தாள். "சரிங்க, பார்த்து எழுதலை. ஒத்துக்கறேன். ஆனா ரைட்டாத்தானே எழுதியிருக்கா? இதுக்கு எதுக்கு மிஸ் தப்பு போட்டீங்க?"

டீச்சர் சாக்பீஸை எடுத்து இரண்டு 2-ஐயும் அடித்தாள். CaO.

"ரெண்டு பக்கமும் ஒரே எண் வந்தா அடிச்சிடணும்ங்க. அந்த மூணும் இதே தப்புதான்."

"ஹைட்ரஜன் பெராக்சைடு H₂O₂ தானே? அதுல அடிக்கறதில்லையே?"

"அது மூலக்கூறு, அப்படியே இருக்கும். இது அயனிச் சேர்மம். சுருக்கித்தான் எழுதணும்."

கலைமதி கவியின் அம்மாவையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ மார்க்கு அப்படியே இருக்கட்டும்" என்றாள் டீச்சர். "கடைசி பெஞ்சுக்குத்தான் யாரை அனுப்பறதுன்னு..."

தேவிப்பிரியா பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மொதல்லேருந்து நடத்துங்க மிஸ். ரெண்டு பிள்ளைங்களுக்குப் போய்ச் சேரணும்."