ஒன்றேகால் அங்குலம்

பெட்டியைத் திறந்ததும் வெண்டலுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே இருந்த ஐந்து தோட்டாக்களும் அவன் அடைத்தவை அல்ல.

அவனுடையவற்றின் பித்தளைக் கழுத்தில் லேசாக நீலம் ஓடியிருக்கும். ஒவ்வொரு தோட்டாக் கூட்டையும் அவனே தீயில் காட்டி எடுப்பான். இவையோ கடை அலமாரியிலிருந்து நேரே வந்த பளபளப்பில் பல்லிளித்தன.

விரலால் ஒன்றின் கழுத்தைத் தடவிவிட்டு மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான். ஆர்டித் குடுவையிலிருந்து காப்பியை ஊற்றியபடி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாகப் பார்க்கிற மலை. இன்றைக்கு மட்டும் அதில் என்ன புதிதாக முளைத்ததோ.

இந்தப் பந்தயம் துப்பாக்கி சுடும் மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சனிக்கிழமை காலையில் இத்தனை கூட்டம்.

அவர்கள் வீட்டில் துணி துவைக்கும் அறையின் பாதியைப் பன்னிரண்டு வருஷமாக வெண்டலின் தோட்டா மேசை பிடித்துவைத்திருந்தது. அங்கே உட்கார்ந்து வெடிமருந்தை மணிமணியாக நிறுப்பான். கூட்டின் நீளத்தை மயிரிழை பிசகாமல் சீவுவான். குண்டை எவ்வளவு ஆழம் இறக்கினான் என்று நோட்டில் எழுதுவான். ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போக வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

ஆர்டித் துணியைச் சோபாவில் மடித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அவளுடைய வெள்ளைச் சட்டையில் பித்தளைத் தூள் ஒட்டி வந்தது. "ஒரே துப்பாக்கி. நீ உன் தோட்டாவுல சுடு, நான் கடைத் தோட்டாவுல சுடறேன். நான் ஜெயிச்சா மேசை கொட்டகைக்குப் போகணும்" என்றாள்.

மொன்டானாவில் கொட்டகை என்றால் ஏப்ரல் வரை குளிரில் விரல் மடங்காது.

ஆக, அவனுடைய ஐந்தும் இப்போது அவளுடைய அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. கள்ளி.

வெண்டலுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அவள் ஜெயித்தால், ஜெயித்தது அவன் தோட்டா. காலிக் கூட்டை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினால் போதும். அவள் தோற்றாலோ பேச்சே இல்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் மேசை அசையாது.

மனசு லேசாக, ஐந்தையும் சுட்டான்.

ஆர்டித் உட்கார்ந்தாள். சூயிங்கத்தைக் கன்னத்துக்குள் ஒதுக்கினாள். மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள்தான், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவள் துப்பாக்கியைத் தொட்டு அவன் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் மூச்சை விட்டாள், காத்திருந்தாள், விசையை அழுத்தினாள். அவசரமே இல்லை.

வெண்டல் அவள் காலடியில் விழுந்த கூடு ஒன்றைப் பொறுக்கினான். கழுத்தில் நீலம். கைக்குள் மூடிக்கொண்டான்.

மன்றச் செயலாளர் க்ளைட் நூறு கஜம் நடந்துபோய் இரண்டு குறி அட்டைகளையும் எடுத்து வந்தார். ஆர்டித்தின் அட்டையில் ஒரே ஓட்டை இருந்தது. ஐந்து குண்டும் அதற்குள்தான் போயிருந்தன. க்ளைட் ஒரு காசை மேலே வைத்தார். ஓட்டை மறைந்துவிட்டது.

யாரோ கடித்த டோனட்டை மெல்ல மறந்து நின்றார்.

இதுதான் சமயம். வெண்டல் கையை உயர்த்தி வாயைத் திறந்தான்.

அதற்குள் க்ளைட் அவனுடைய அட்டையில் சிதறியிருந்த ஐந்து ஓட்டைகளின் மேல் அளவுகோலை வைத்துவிட்டார். "ஒன்றேகால் அங்குலம். வழக்கம்போலத்தான்ப்பா. போன வாரமும் இதே ஒன்றேகால். போன வருஷமும்."

வெண்டலின் கை பாதியில் நின்றது.

அவள் சுட்டவை என் தோட்டாக்கள் என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன? நாலு தடவை மருந்தை மாற்றியிருக்கிறான். இரண்டு தடவை குழலை மாற்றியிருக்கிறான். தூரநோக்கியை மாற்றினான், பிடிக்கட்டையை மாற்றினான், மிச்சத்துக்குக் காற்றைத் திட்டினான். அந்தத் துப்பாக்கியில் இதுவரை மாற்றாத உறுப்பு ஒன்றே ஒன்றுதான். அது இப்போது வாயைத் திறந்துகொண்டு நின்றது.

மூடிக்கொண்டான். கூடு சட்டைப்பைக்குள் போனது.

"மேசைய நாளைக்கே எடுத்துடறேன்" என்றான்.

வண்டியில் போகும்போது சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "நீ மாத்தி வச்சத நான் பாத்துட்டேன்."

"தெரியும். கழுத்தத் தடவினியே."

"கடைத் தோட்டாவுலயே நீ ஜெயிச்சிருப்பியே. அப்புறம் எதுக்கு இந்தத் திருட்டு?"

"ஜெயிச்சிருப்பேன். நீ திங்கக்கிழமை போய் புது மருந்து வாங்கியிருப்ப."

வெண்டலால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தோற்றவனுக்குக் கிடைக்கிற மிச்ச மரியாதையையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தான். "சரி, இத மட்டும் ஒத்துக்கோ. மூணு வாரம் ஒக்காந்து அடைச்ச அஞ்சு அது. எப்படிப் போச்சு பாத்தியா?"

ஆர்டித் தன் கோட்டுப் பையில் கையை விட்டாள். ஐந்து தோட்டாக்களை எடுத்து அவன் மடியில் வைத்தாள். ஐந்தும் சுடாதவை.

வெண்டல் வண்டியை ஓரங்கட்டினான்.

"அப்ப நீ சுட்டது?"

"வாஷிங் மெஷின் பின்னாடி ஒரு காப்பி டப்பா கெடந்துச்சே, அதுலேர்ந்து எடுத்தேன். மேல செவப்பு மையில நீயேதான் எழுதி வச்சிருக்க, 'தேறாது'ன்னு."