எட்டு மணிக்கு மேல் வேலை இல்லை

"எட்டு மணி ஆச்சுன்னா மொதலாளி என்னைய மட்டும் கெளப்பி விட்டுருதாரு அக்கா. மத்த பதினேழு பேரும் நைட்டு பாக்காங்க."

அஷ்ஃபாக் தலையைத் தூக்காமல் சொன்னான். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் தாள் அடுக்குகிற வேலை. சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது.

காலையில் அவன் வீட்டுக்கு வந்திருந்த செல்லக்கனி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனுடைய மாத்திரை அட்டையை வாங்கி எண்ணினாள். ஆறு இருக்க வேண்டும். பத்து இருந்தது.

"நாலு நாளா போடலையா?"

"போட்டாத் தூக்கம் வருது. அதனாலதான நைட்டுக்குச் சேக்க மாட்டேங்காரு? நிறுத்திட்டேன். இப்பப் பாருங்க, ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிருக்கேன்."

ஒன்பது வருடத்துக்கு முன் செல்லக்கனியும் இப்படித்தான் நிறுத்தினாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள்.

இப்போது அதுதான் அவளுடைய வேலைக்குத் தகுதி. மனநோயில் விழுந்து எழுந்தவள் என்பதால், எழுந்து வருகிறவர்களுக்குத் துணையாக ஒரு தொண்டு அமைப்பு அவளை அனுப்புகிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் சொல்லும் முதல் வார்த்தை, "எனக்கும் வந்துச்சு."

"இன்னைக்குப் போட்டுரு தம்பி."

"எதுக்கு? 'மாப்ளே நேரமாச்சு, பாலைக் குடிச்சிட்டுப் படு'ன்னு கூட வேலை பாக்குத கருப்பணன் கிண்டல் பண்ணுததுக்கா? எனக்கு நோய் வந்தது அங்க எல்லாருக்கும் தெரியும். மொதலாளியும்தான் எட்டேகாலுக்குக் காரை எடுத்துட்டுக் கெளம்பிருதாரு. அவரு தூங்குனா மொதலாளி. நான் தூங்குனா நோயாளியா?"

அன்று சாயங்காலம் ஏழரை மணிக்குச் செல்லக்கனி அச்சகத்தில் இருந்தாள்.

காலண்டர் சீசன். மெஷின் சத்தத்தில் கண்ணாடிக் கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. முதலாளி ரத்தினசாமி அச்சான தாளை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க. காப்பி சாப்பிடுதீகளா?"

"வேண்டாம் அண்ணாச்சி. அஷ்ஃபாக்கைப் பத்திப் பேசணும்."

"தங்கமான பையன். நூறு தாள் அடுக்கச் சொன்னா நூத்தியொண்ணு இருக்காது."

"பிறகு ஏன் அண்ணாச்சி அவனை மட்டும் எட்டு மணிக்கு விரட்டுதீக? நோய் வந்த பிள்ளைன்னுதான? வேலையும் குடுத்துட்டு ஓரத்துலயும் நிப்பாட்டுததுக்கு, குடுக்காமலே இருந்திருக்கலாம்."

பஸ்ஸில் வரும்போதே மூன்று தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் அது.

ரத்தினசாமி லென்ஸைக் கீழே வைத்தார்.

"மாத்திரை எத்தனை மணிக்கு?"

"ஒம்பதுக்கு."

"அப்ப எட்டுக்குக் கெளம்பினாத்தான் சரி. வீட்டுக்குப் போக இருவது நிமிசம். சோறு திங்கணும். வெறும் வயித்துல போட்டாக் குமட்டும். பத்து மணிக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடும். ஒரு ராத்திரி முழிச்சாப் போதும், பழையபடி ஆகப் பத்து நாளாகும். கட்டிங் மெஷின் ஓடுத எடம்மா இது."

செல்லக்கனி அவரையே பார்த்தாள்.

"இதெல்லாம் டாக்டர் சொன்னாரா அண்ணாச்சி?"

"நாக்கு ஒட்டுதது டாக்டருக்கு எங்கம்மா தெரியும்?"

மேஜை டிராயரை இழுத்தார். பில் புத்தகத்துக்கு அடியில் ஓர் அட்டை. காலையில் அவள் எண்ணிப் பார்த்த அதே மாத்திரை.

"பதினொரு வருசம். இங்க யாருக்கும் தெரியாது. பிரஷர் மாத்திரைன்னு சொல்லி வச்சிருக்கேன். மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்."

எத்தனையோ வீட்டில் தான் சொன்னதை முதல் முறையாக மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"அண்ணாச்சி, அவன்கிட்ட மட்டும் தனியா…"

"அந்தத் தைரியம் இல்லம்மா. அதான் காரணம் சொல்லாம அனுப்பி விடுதேன்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "ஏன், போடுததை நிறுத்திட்டானா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. அது அஷ்ஃபாக் சொல்ல வேண்டிய விஷயம்.

"சரி. புரியுது."

"நீங்க சொன்னது என்னைத் தாண்டிப் போகாது அண்ணாச்சி."

எழுந்து வெளியே வந்தாள். இவர் சொன்னதில் பாதியை அஷ்ஃபாக்கின் காதில் போட்டால் போதும், இன்று ராத்திரி அவன் மாத்திரையைப் போட்டுவிடுவான். ஆனால் அது அவள் சொல்லக் கூடியது இல்லை.

எட்டு மணி. டீக்காக மெஷின்களை நிறுத்தினார்கள்.

"மாப்ளே, நேரமாச்சு. பால் ஆறிரப் போகுது" என்றான் கருப்பணன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அஷ்ஃபாக் அடுக்கிய தாளின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். கண் சிவந்திருந்தது.

"நான் இன்னைக்குப் போக மாட்டேன். என்ன செய்யணுமோ செய்யச் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. செல்லக்கனி அவனை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. ரத்தினசாமி ஒரு கையில் கார் சாவியோடு வந்தார். இன்னொரு கையில் அந்த அட்டை. பதினெட்டுப் பேரும் பார்க்கும்படி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கெளம்புலே அஷ்ஃபாக், காருல ஏறு. ஒம்பது மணிக்கு நீ போடுத மாத்திரைதான்லே எனக்கும்."