எதிரே ஓடுகிறவன்

ஹாக்கியில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால், கோலைப் பார்த்துப் பந்தை அடிப்பவனை நோக்கி முதல் ஆளாகப் பாய்ந்து ஓட வேண்டியவன் பொன்பாண்டி. அப்படி ஓடியபோதுதான் முழங்காலில் பந்து பட்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார் அணி மருத்துவர். காலை ஊன்றவே முடியவில்லை என்றான் இவன். பயிற்சியாளர் தேவசகாயம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நடிப்பு போதும்டே. காண்ட்ராக்ட் முடியப்போகுது."

"அவருக்குப் பொய் சொல்ல வராது சார்," என்றாள் அவன் மனைவி சந்தனமாரி.

தேவசகாயம் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து அவன் காலைப் பார்த்து உருட்டிவிட்டார். மெதுவாகத்தான் வந்தது. பொன்பாண்டி இரண்டு காலிலும் துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"நல்லாத்தானடே ஊனுது!" என்று சிரித்தவர், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "வெள்ளிக்கிழமை மேட்ச்ல கார்னருக்கு நீ ஓடணும். இல்லன்னா வேற ஆளு இருக்கான்."

அவர் போனபின், கால் சரியாக இருக்கிறதே என்று ஒரு கணம் மகிழ்ந்துவிட்டதற்காகச் சந்தனமாரிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. கட்டிலடிக்கு உருண்டுபோன பந்தை எடுக்கக் குனிந்தாள்.

"அதைத் தொடாத புள்ள," என்றான். சுவரை விட்டு அவன் இன்னும் நகரவில்லை.

அவள் தைலப் புட்டியை எடுத்துவந்து, அவன் முன்னால் உட்கார்ந்து முழங்காலை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள்.

"இங்கதான?" என்று கேட்டாள். "இங்கதான வலிக்குது?"