இடப்பக்கத்து பெல்ட்

“மொரிஸ் மைனர் பெல்ட்டுக்கு நாக்கு இருக்குங்களா நானா?”

பதுளை பசறை வீதியில் பழைய வாகனச் சாமான் விற்கும் ஹாஷிம் தலை நிமிர்ந்தார். நெற்றியில் திருநீறும் கையில் சீலைப் பையுமாக ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மா நின்றிருந்தார். பையிலிருந்து பழுப்பேறிய சீட் பெல்ட் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பட்டி நல்ல பட்டி. பூட்டுத்தான் துருப்பிடித்திருந்தது. பூட்டுக்குள் செருகும் இரும்பு நாக்கைக் காணோம்.

“நமக்கு நமுனுகுலப் பக்கம், பேரு கருப்பம்மா. இது பெரிய தொரையோட பழைய கார்ல இருந்தது. வலப்பக்கத்து பெல்ட்ட பதினெட்டு வருசமா நான் பாவிக்கிறேன். இது எடப்பக்கத்தது, சும்மா கெடக்கு.”

“நீங்களேவா பாவிக்கிறீங்க?”

“பின்ன, தொரையா வந்து பாவிப்பாரு?”

ஹாஷிம் அம்மாவை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். பதுளையில் கார் வைத்திருக்கும் டாக்குத்தர்மாரே பெல்ட்டைச் சுருட்டிச் சீட்டுக்கடியில் செருகி வைத்திருந்த காலம் அது.

“இப்ப இது யாருக்கு?”

“மருமகளுக்கு. கலாராணி. அப்புத்தளை டவுன்ல வளந்த புள்ள, நம்ம வழக்கம் ஒண்ணும் தெரியாது. பேர் பதிஞ்சாச்சு. வார திங்கக்கெழம மொத தடவையா எறங்குறா. இது இல்லாம நான் அவள எறக்க மாட்டேன்.”

“பயப்படாதீங்க. கொஞ்ச நாளைக்கு நல்ல ரோட்டுல பழகட்டும்.”

“எங்களுக்கு ஏது நானா ரோட்டு? கல்லுலயும் தண்ணிக் கானுலயும்தான் போகணும்.”

ஹாஷிம் பூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உள்ளே வில் உடைந்து கலகலத்தது. “நல்லா இறுக்கிப் பிடிக்கிற மாதிரி செஞ்சு தாறேன்.”

“பிடிக்கிறது கெடக்கட்டும். ஒரே அமுக்குல கழறணும், அதுதான் முக்கியம். போன மழைக்கு எறக்கத்துல எனக்குச் சறுக்கிருச்சு. அமுக்குனேன், கழண்டுச்சு. நான் மேலேயே நின்னுட்டேன், அது உருண்டு ஆத்துக்கே போயிருச்சு.”

“அல்லாஹ்வே. பொறகு?”

“பொறகு என்ன, தோட்டத்துல புதுசு குடுத்தாங்க. பெல்ட்ட மட்டும் நான் எறங்கிப் போய் எடுத்துக்கிட்டேன்.”

கார் ஆற்றோடு போனால் புதுக் கார் கொடுக்கிற தோட்டமும் ஊவா மாகாணத்தில் இருக்கிறதா என்று ஹாஷிம் யோசித்தார். பெல்ட்டைச் சுருட்டி எடுத்து வைத்தார்.

“ஞாயித்துக்கெழம வாங்க. போடப்போற புள்ளையையும் கூட்டிட்டு வாங்க. மாட்டிப் பாத்துத்தான் நீளம் சரி பண்ணணும், அதனால அதையும் கொண்டு வரணும்.”

“அதையுமா? பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னு கொண்டக்டர் சண்டைக்கு வருவானே.”

ஹாஷிம் விழுந்து விழுந்து சிரித்தார். இவ்வளவு நடந்தும் அம்மாவுக்குப் பகிடி குறையவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் அவருக்கு நாக்குத் தேடுவதே வேலை. கடையில் இருந்த மூன்றும் அந்தப் பூட்டுக்குள் போக மறுத்தன. கடைசியில், லுணுகலையில் பழைய கார் உடைக்கும் புவாத்திடம் போனார்.

“ஒரு நாக்குக்கா இவ்வளவு தூரம் வந்தாய்? இந்தப் பக்கத்துல பெல்ட் போடுற ஒரு ஆளக் காட்டு பாப்பம்,” என்றான் புவாத்.

“பதினெட்டு வருசமாப் போடுற ஒரு அம்மாவக் காட்டுறேன், வாறியா?”

முற்றத்துக் கடைசியில் ஒரு மொரிஸ் மைனர் கிடந்தது. அதன் முன்சீட்டில் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியிடம் நாலு கொத்து வாங்கிக்கொண்டுதான் ஹாஷிம் அடியில் கைவிட்டு நாக்கைக் கழற்றி எடுத்தார்.

நாக்கையும் பூட்டையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவைத் தேய்த்தார். வேறொரு பூட்டின் வில்லை எடுத்துப் போட்டார். அவருடைய மனைவி ஸித்தி ஸுபைதா பட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்தாள். பிறகு ஹாஷிம் கூரை மரத்தில் பெல்ட்டைக் கட்டி, அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பூட்டை அமுக்கினார். பத்துத் தரத்தில் ஒரு தரம் சிக்கியது.

“ஒரு தரம்தானே?” என்றாள் ஸுபைதா.

“அந்த ஒரு தரம் அந்தப் புள்ள சறுக்கினா?”

மறுபடியும் பிரித்தார், தேய்த்தார், பூட்டினார். நூறு தடவை அமுக்கி, நூறு தடவையும் மூட்டை விழுந்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கருப்பம்மா மருமகளோடு வந்தார். கலாராணி பயந்த பிள்ளை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“முடியுமா மகள்?” என்றார் ஹாஷிம்.

“மாமி பழக்குறேன்னு சொன்னாங்க,” என்றாள் மெதுவாக.

“மாமியைப் போல பழக்க ஊர்ல ஆள் இல்ல. சரி, மாட்டிப் பாப்பம். கொண்டு வந்தீங்களா?”

“வெளிய வச்சிருக்கேன் நானா. அந்தக் கொண்டக்டர் லேசுல ஏத்துனானா?”

ஹாஷிம் பெல்ட்டோடு வெளியே வந்து வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். புறப்பட்டுப் போகும் பசறை பஸ்ஸைத் தவிர வேறு வாகனம் எதுவும் கண்ணில் படவில்லை.

கருப்பம்மா கடைப்படியில் இருந்த புதுத் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்கி மருமகளின் முதுகில் வைத்தார். பெல்ட்டை அதில் கோத்து, அவள் நெற்றிக்கு மேலே ஏற்றி, காதோரம் பூட்டினார்.

“இப்ப அமுக்கிப் பாரு ராணி.”

‘டிக்’கென்றது. கூடை மட்டும் படியில் உருண்டு ஓடியது. கலாராணி சிரித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.