மூன்றாம் மாடிக் கயிறு

நீங்களே சொல்லுங்கள், தப்பை ஒப்புக்கொண்ட மனுஷன் அப்பீல் பண்ணக் கூடாதா?

"ஜெயில்ல போடாம வீட்டுக்காவல்னு விட்டாங்களே, அதுவே பெரிசு. இதுல அப்பீல் வேறயா?"

கீழ்வீட்டு ராமலெட்சுமி அக்காதான். படிக்கட்டில் நின்று, நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"தண்டனையே வேணாம்னா கேக்கிறோம்? பகல்ல வேலைக்குப் போக விடுங்கன்னுதானேக்கா கேக்கிறோம்!" என்றேன், இடுப்பில் பிள்ளையோடு.

"வண்டியை ஏத்தின கைக்கு மறுபடி வேலையா? நல்லா இருக்குடி நியாயம்!"

விஷயம் இதுதான். மழையில் வேன் சறுக்கி, என் வீட்டுக்காரர் தேவராஜ் ரங்கூன் பசுந்தாங் பேட்டை முக்கில் இருந்த ஷம்சுதீன் பாயின் டீக்கடையில் இடித்துவிட்டார். பாய்க்குக் கால் முறிந்தது. "ஓடிடுறா, அடிச்சே கொன்னுடுவாங்க" என்று கூட வந்தவன் கத்தினானாம்.

என் ஆள் ஓடவில்லை. பாயைத் தூக்கி டாக்ஸியில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

இதை யார் கேட்டாலும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்தால்தான் தலை தானாகக் குனியும். அவர் வாசல் தாண்டக் கூடாது. கைப்பிள்ளையோடு நான் எங்கே வேலைக்குப் போக?

ஆனாலும் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. அதற்கு எங்கள் மூன்றாம் மாடிக் கயிறுதான் காரணம்.

ரங்கூனில் மாடி வீடு என்றால் பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். கீழே கட்டிவிட்டு ஒரு இழு இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பரோ காய்கறியோ, நாம் இழுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்காவல் தொடங்கியதிலிருந்து தினமும் விடிகிற நேரத்தில் மணி அடித்தது. இழுத்தால், பையில் சூடாகப் பரோட்டா, அவித்த பட்டாணி, பிள்ளைக்குப் பால். எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா முக்கில் திரும்பிவிடும்.

"நீங்கதானேக்கா அனுப்புறீங்க?" என்று ராமலெட்சுமி அக்காவையே கேட்டேன்.

"செய்யிறதையெல்லாம் சொல்லிக்கிட்டா இருப்பாங்க? போடி" என்று சிரித்தார்.

பாவம், வாய்தான் அப்படி என்று அன்றிலிருந்து அவர் பேச்சையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். "வெளியே வந்ததும் முதல்ல அந்தக்காவுக்கு ஏதாவது செய்யணும் ரேவதி" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்பீல் நாள். அக்காவும் துணைக்கு வந்தார். கோர்ட்டில் நுழைந்ததும் என் கையைக் கிள்ளினார்.

"பாத்தியா? பாய் வந்துட்டார். உன் புருஷனை விடாதீங்கன்னு சொல்லத்தான் அந்தக் காலோட வந்திருக்கார்."

மூலையில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் ஷம்சுதீன் பாய். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

நீதிபதி என் வீட்டுக்காரரிடம் கேட்டார். "ஓடியிருந்தால் யார் என்றே தெரிந்திருக்காதே. ஏன் ஓடவில்லை?"

"அவர் ரோட்டுல கிடந்தாருங்க" என்றார் இவர். அவ்வளவுதான். எனக்கு அந்த ஒரு பேச்சே போதும் போல இருந்தது.

நீதிபதி பாய் பக்கம் திரும்பினார். "இவரை வெளியே விடுவதில் உங்களுக்குக் கஷ்டம் உண்டா?"

பாய் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"உள்ளே வெச்சிருக்கிறதுதான் ஐயா எனக்குக் கஷ்டம்! இந்தக் காலை வெச்சுக்கிட்டு, தினமும் விடியறதுக்குள்ள ரிக்‌ஷா பிடிச்சுப் போய் அந்த மூணாம் மாடிக் கயித்துல பரோட்டா கட்டிட்டு வர என்னால முடியல. தயவுபண்ணி அவனை வெளிய விடுங்க, என் கடைக்கே வந்து சாப்பிடட்டும்!"